சி.ஐ.டி. அண்ணையின் கடைசிப் பக்கம்

லண்டன் மாநகரத்தில் சி.ஐ.டி. அண்ணையை முழுமனதோடு நம்பிய ஒரே ஆள் எங்கள் தபால்காரர்தான். மனோர் பார்க்கில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு அண்ணையோடு ஒரே வீட்டில் குடியிருந்த எங்கள் ஐந்து பேருக்கும் நம்பிக்கை இல்லை. அதிலும் நான் பிறவிச் சந்தேகக்காரன். கடைக்காரர் நன்றி சொன்னாலே ஏன் சொன்னார் என்று யோசிப்பேன்.

வாராவாரம் கிழக்கு ஜெர்மனியிலிருந்து அண்ணைக்கு ஒரு கட்டுப் பத்திரிகை வரும். அந்த நாட்டு அரசாங்கத்தின் விளையாட்டு நாளிதழ். அண்ணைக்கு ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாது. டி.வி.யில் உதைபந்தாட்டம் போனால் எழும்பிப் போய்விடுவார். ஆனால் கட்டு வந்ததும் அறையைப் பூட்டிக்கொள்வார். சி.ஐ.டி. என்று நாங்கள் பட்டம் வைத்தது அதனால்தான்.

"என்ன அண்ணை பாக்கிறியள்?"

"சும்மா, படம்."

படம் பார்க்கிறவருக்குச் சிவப்புப் பேனை எதற்கு?

அவர் ஷிப்டுக்குப் போயிருந்த ஒருநாள், நானும் அறைக்கூட்டாளி சிவமும் அவருடைய மெத்தையைத் தூக்கினோம். ஐந்து வருடத்துப் பத்திரிகைகள். பலவற்றின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்துக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டம். எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரே பெயர்: குகன்.

சிவத்துக்கு வேர்த்துவிட்டது. "தமிழ்ப் பேர்! இவர் ஆக்களின்ர பேரை எங்கையோ குடுக்கிறார். அடுத்தது நாங்கள்தான். எங்கட கேஸ் முடிஞ்சுது!"

அன்று பின்னேரமே குசினி அடுப்புக்குப் பக்கத்தில் விசாரணை. "ஆர் அண்ணை இந்தக் குகன்? சொல்லுங்கோ, இல்லாட்டி பெட்டியைக் கட்டுங்கோ" என்றேன்.

"என்ர தம்பி. அங்க படிக்கப் போனவன். ஒரு டீமில கரப்பந்து, அதுதான் வாலிபோல், விளையாடுறான். மேட்ச் முடிவோட கடைசிப் பக்கத்தில பேர் போடுவாங்கள்."

"அப்ப ஒரு கடிதம் போடலாமே?"

"ஏலாது. நாங்கள் கோவம். ஒம்பது வருசமாக் கதைக்கிறேல்லை. பேர் வந்தால் உயிரோட இருக்கிறான். அது காணும்."

நான் அதையும் நம்பவில்லை.

பிறகு பெர்லின் சுவர் இடிந்தது. இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. மேற்கத்தையப் பளபளப்புப் பத்திரிகைகள் வந்து குவிந்ததும் அண்ணையின் பத்திரிகையைச் சீந்துவாரில்லை. மூடிவிட்டார்கள். அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. வாசற்கதவில் தபால் விழும் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடிக்கிற மனிசன் இவ்வளவு மெலிய மாட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் விழுந்தது. அண்ணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரித்துப் படித்தார். என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, பேப்பரை மூடிப்போட்டாங்கள். நீங்கள் தேடுவியள் எண்டு தெரியும். நான் சுகம். கோவம் இன்னும் போகேல்லை."

"நீதானே சந்தேகக்காரன். வடிவாப் பார். அவன்ர எழுத்துத்தானே?"

தம்பிக்கு எங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது? தேடுவார் என்று யார் சொன்னது? எனக்குள் ஆயிரம் கேள்வி. தம்பியின் கையெழுத்தை நான் வாழ்க்கையில் கண்டதுமில்லை.

"ஓம் அண்ணை, அவன்ரதான்" என்றேன். எதையும் விசாரிக்காமல் நான் உறுதி சொன்னது அந்த ஒரு மனிசனுக்கு மட்டும்தான்.