மான் தராசில் என் எடை

நவம்பர் 24

என் அன்புத் தங்கை சில்விக்கு,

அண்ணன் ஆர்வோ எழுதுவது. இங்கே நானும் கார்லாவும் சுகம், நாய்க்கு மட்டும் காது வலி. டுலூத்தில் நீயும் அவ்வண்ணமே இருப்பாய் என்று நம்புகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முதுகுவலி என்று வரவில்லை, அதற்கு முந்தைய வருஷம் கார் ரிப்பேர். இந்த வருஷம் இரண்டும் சரியாகியிருக்கும் என்று எண்ணுகிறேன்.

நிற்க. இந்தக் கடிதம் ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்காதே. நம் இருவருக்கும் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில், எடை குறையட்டுமென்று, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுத்தாளே டாக்டர் டைக்ஸ்ட்ரா, அவளைப் பற்றித்தான் சொல்கிறேன். வெட்டினாள், தைத்தாள், அத்தோடு விடவேண்டியதுதானே? கார் விற்றவன் வருஷாவருஷம் கூப்பிட்டு "வண்டி ஓடுதா?" என்று கேட்கிறானா? கேட்டால் அந்தக் காரில் என்னவோ கோளாறு என்றுதானே அர்த்தம். இவள் ஆபீஸிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு பெண் கூப்பிடுகிறாள். எடை என்ன, வாந்தி உண்டா, மாத்திரை எத்தனை, மனசு எப்படி. மனசு எப்படியாம்! ஒவ்வொரு வருஷமும் டாக்டரின் பட்டம் நீண்டுகொண்டே போவதையும் கவனித்தேன். முதலில் உதவிப் பேராசிரியர், அப்புறம் பேராசிரியர், இப்போது மாநிலம் பூராவும் வயிறு வெட்டுகிற டாக்டர்களின் கணக்கையெல்லாம் பார்க்கும் குழுவுக்குத் தலைவியாம். அந்த டாக்டர்கள் தாங்கள் வெட்டுவதைப் படம் பிடித்து, பெயர் போடாமல் அனுப்பி, ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொள்கிறார்களாம். அதில் என் வயிறு எத்தனை மார்க் வாங்கியது என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்து மழுப்பிவிட்டாள். என் வயிற்றின் மேல் ஏறி நின்றுதான் இவள் இவ்வளவு உயரம் போயிருக்கிறாள் என்பது என் சந்தேகம்.

இரண்டாம் வருஷம் நான் 238 பவுண்டு இருந்தேன், நிஜமாகவே. மூன்றாம் வருஷம் கொஞ்சம் கூடியிருந்தது. பூட்ஸைக் கழித்தேன், 238 வந்தது. அடுத்த வருஷம் கம்பளிக் கோட்டு, சாவிக்கொத்து, நனைந்த காலுறை. அப்புறம் கழிக்க ஒன்றுமில்லாமல் போனபோது மான் வழக்கத்துக்கு வந்துவிட்டேன். நம்மூரில் மான் எடையை யார் குடலோடு சொல்கிறார்கள்? குடலை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தானே சொல்வோம்? அதே மாதிரி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளி, மறுபடி 238 என்றே சொன்னேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? கார்லாதான் "மானுக்குச் செத்த பிறகு எடுக்கறாங்க, உனக்கு இன்னும் உள்ளதான் இருக்கு" என்று குத்திக்காட்டினாள்.

போன சனிக்கிழமை, வேட்டைக் காலத்தின் நடுவில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டாக்டரேதான். ஏழு மணி நேரம் தனியாக ஓட்டி வந்திருக்கிறாள். உள்ளே கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். கார்லா சுட்டுக் கொடுத்த, இறைச்சி அடைத்த பேஸ்டியைப் பாதி தின்றுவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"ஆர்வோ, ஆறு வருஷமா நீங்க ஒரே எடை. ஒரு பவுண்டு ஏறல, இறங்கல. என் நோயாளிகள்ல இப்படி வேற ஆளே இல்ல. வர்ற மாசம் பெரிய கூட்டத்துல உங்க கணக்கையும் சேர்த்துப் பேசப்போறேன். அதான் நேர்ல ஒரு தடவை பார்த்துக்கலாம்னு வந்தேன்."

"வீட்டுத் தராசு கெட்டுப்போச்சு டாக்டரம்மா" என்றேன். அதை நானே சவுனா நீராவி அறையில் வைத்துத் துருப்பிடிக்க விட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? "இந்த ஊர்ல பெரிய தராசே கிடையாதா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கார்லா முந்திக்கொண்டாள். "கசாப்புக்கார சாரியோட கடைக்குப் பின்னாடி மான் தொங்கவிடற தராசு இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்."

நாற்பது வருஷம் ஒன்றாய் வாழ்ந்ததற்கு இதுதான் கைம்மாறு. அங்கே எட்டுக் கிளைக் கொம்பு மான் ஒன்றை இறக்கிவிட்டு, ஊஞ்சல் மாதிரிப் பலகை கட்டி என்னை உட்காரவைத்துத் தூக்கினார்கள். வேட்டைக்காரர்கள் ஐந்து பேர் பீரும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். சாரி சாக்பீஸை எடுத்து, எடை எழுதும் கரும்பலகைப் பக்கம் திரும்பி, பழக்கதோஷத்தில் கேட்டான்.

"குடல் எடுத்ததா, எடுக்காததா?"

யாரும் சிரிக்கவில்லை, சில்வி. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுக்காதது" என்றேன். அவன் மானுக்குக் கீழே "ஆர்வோ, 296" என்று எழுதினான்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். "நீங்க நல்லாத்தான் வெட்டினீங்க. நான்தான் கெடுத்துட்டேன். அந்த வெக்கத்துலதான் மறைச்சேன்."

"எடை திரும்பினவங்க யாரும் போன் எடுக்கறதில்ல, ஆர்வோ. இளைச்சவங்க மட்டும்தான் எடுக்கறாங்க. அதனால என் கணக்குல எல்லாரும் ஒல்லியா இருக்காங்க. அதை நம்பி நான் அடுத்தவங்களை வெட்டிட்டிருக்கேன். ஒளிஞ்சிருக்கறவங்கதான் எனக்கு வேணும்." கொஞ்ச தூரம் போனபின், "ஆபரேஷனோட நிறுத்தின சர்க்கரை மாத்திரை இன்னிக்கும் தேவைப்படலதானே உங்களுக்கு? முன்னாடி 352 இருந்தீங்க. 296 ஒண்ணும் தோல்வி இல்ல" என்றாள். என்னை அவள் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருக்கிறது. ஏழு மணி நேரம் ஓட்டிவந்து திட்டாமல் போகிறவளை எப்படி நம்புவது?

ஆகவே சொல்கிறேன், எடுக்காதே. எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுக்காதே. கடவுள் உன்னையும் உன் கூரையையும் பனியிலிருந்து காப்பாற்றட்டும். கார்லா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

உன் பாசமுள்ள அண்ணன்,
ஆர்வோ கங்காஸ்

பி.கு.: உன் புது எண்ணை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். நான்காம் வருஷத்திலிருந்து நீ அகப்படவில்லையாம். செவ்வாய் காலை பத்து மணிக்கு அவளே கூப்பிடுவாள். எடு. முதுகுவலியும் கார் ரிப்பேரும் எத்தனை பவுண்டு என்று எனக்குத் தெரியாதா, சில்வி? குடல் எடுக்காத எடையைச் சொல். சொல்லிவிட்டு கிறிஸ்துமஸுக்கு வா. சாரியின் கரும்பலகையில் என் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது.