பெண் கேட்கப் போன எதிர்க்கட்சி

தன்னோடு தானே வாதாடி, தானே தோற்று, தனக்குத் தானே கைகொடுத்துக்கொண்ட மனிதர் ஹைதராபாத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ‘எதிர்க்கட்சி’. சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து உப்பலில் ஒரே வீட்டில் குடியிருந்த தமிழ்நாட்டுப் பையன்களில் அவர்தான் மூத்தவர். நிஜப்பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

அவர் சட்டம் ஒன்றுதான். எதிராளியின் நியாயத்தை அவனே தலையாட்டும்படி முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நம் நியாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியா, சாம்பார் சாதமா என்று தகராறு. பிரியாணிக்காரன் சாம்பாருக்காகவும் சாம்பார்காரன் பிரியாணிக்காகவும் உருகி உருகிப் பேசி, இருவரும் கட்சி மாறிவிட்டார்கள். தகராறு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அன்று எல்லோரும் பிஸ்கட் தின்றோம்.

ஆபீஸ் வரவேற்பறையில் சிவப்புத் தீற்றலாக ஓர் ஓவியம் இருந்தது. சூரியன் என்றேன் அவரிடம்.

“நின்னு பார்த்தா சூரியன். செக்யூரிட்டி சேர்ல உட்கார்ந்து பாரு.”

உட்கார்ந்தேன். “தக்காளித் தொக்குண்ணே!”

“பாவம்ப்பா அந்த ஆளு, தினம் எவ்வளவு பசிக்கும்!”

புத்தி கெட்டுப்போய் இவரைத்தான் பெண் கேட்க சைனிக்புரிக்கு அழைத்துப் போனேன். என்னோடு வேலை பார்த்த வசந்தியின் அப்பா, தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே என்னிடம் “நக்கோ” என்று ஹைதராபாத் உருதுவில் மறுத்துக் கதவைச் சாத்தியவர். இதுதான் கடைசி முயற்சி.

எதிர்க்கட்சி தொண்டையைச் செருமினார். “முதல்ல சார் பக்கத்து நியாயம். ஒரே பொண்ணு. விசா வந்தா இவன் அவளைக் கூட்டிக்கிட்டு அமெரிக்கா பறந்துடுவான். வேலையும் நிரந்தரமில்லை. ஒரு காபி போடத் தெரியாது. துணியைத் துவைக்காம மடிச்சு வைப்பான்.”

“ஹவ், ஹவ்” என்று ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தவர் துணி விஷயத்தில் நிமிர்ந்தார். எதிர்க்கட்சி விடவில்லை.

“அன்னைக்கு நீங்க கத்தினப்போ வாயே திறக்கலியாம். பயந்தாங்கொள்ளி!”

“கைக்கு, ஏன்யா இவ்ளோ மட்டம் தட்டறீங்க? அது பயமில்லய்யா, மரியாதை!”

“அப்ப விசா வந்தா?”

“போகட்டுமே! நான் கல்யாணமான கையோட பொண்டாட்டியைக் காஷ்மீர் பக்கம் கூட்டிட்டுப் போகலியா? என் மாமனார் தடுத்தாரா?” என்றவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு உள்ளே திரும்பி, “வசந்தி, மாப்பிள்ளைக்கும் சேர்த்து மூணு காபி” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: “ஏண்ணே எனக்கு எதிராவே பேசினீங்க?”

“உனக்காக நீ பேசிட்டே, வசந்தியும் பேசிட்டா. அந்த மனுஷனுக்காக யாருப்பா பேசினது?”

எதையும் பல கோணங்களில் பார்க்க வேண்டும், சரி. ஆனால் எதிர்க்கட்சி தங்கமான மனிதர் என்பதில் மட்டும் இன்னொருவர் கருத்தைக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது.