கேட்காமலே திறப்பவர்

உலகத்து மனிதர்களை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'நான் பாத்துக்கறேன்' என்னும் இனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வழி தெரியாத தெருவில் கடைக்காரர் கண்ணெதிரே நின்றாலும் அவரைக் கேட்காமல் அதே தெருவை மறுபடி சுற்றி வருவார்களே, மருந்து பாட்டிலின் மூடியில் 'அழுத்தித் திருகவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் பல்லால் கடிப்பார்களே, புதுக் கட்டிலைப் பொருத்தி முடித்தபின் கையில் மிஞ்சிய ஸ்க்ரூக்களைப் பார்த்து, கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன் என்பார்களே, அவர்கள்தான். திறமை இல்லாதவர்கள் என்று யார் சொன்னது? மூட்டை மூட்டையாக இருக்கிறது. கேட்கத்தான் வாய் வராது.

என் அக்காவின் கணவர் இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு.

அக்காவுக்குத் தொழில் கல்யாண வீடுகளில் புகைப்படம் எடுப்பது. எடுத்த படங்களைப் போட்டு வைத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்க், உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எந்த நேரமும் மண்டையைப் போட்டுவிடும் என்று அதற்கு அர்த்தம். ஒரு பெண் வீட்டாரின் கல்யாணம் முழுக்க அதற்குள் இருந்தது. படங்கள் போய்விட்டன, தயவுசெய்து இன்னொரு தரம் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

"நான் பாத்துக்கறேன்" என்று கிளம்பிப் போன அத்தான், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் சர்வரைக் கட்டிப் பிடித்துத் தூக்கி வந்தார். ஆபீஸ்களில் ஓய்வில்லாமல் ஓடும் கனத்த கம்ப்யூட்டர் அது. முன்பக்கம் ஒரு பல் மருத்துவமனையின் ஸ்டிக்கர், அதில் போன் நம்பர். சுவிட்சைப் போட்டதும் கூடத்திலிருந்து விமானம் கிளம்புவதுபோல இரைந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, ஏதாவது மில் ஆரம்பித்திருக்கிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார். திரையில் ஒரே ஒரு வரி: பாஸ்வேர்ட். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் என்ற பகுதிக்கே பழைய சொந்தக்காரர் பூட்டுப் போட்டிருந்தார். அதைத் தாண்டாமல் ஒன்றும் நடக்காது.

அக்கா ஸ்டிக்கரைக் காட்டினாள். "நம்பர் இங்கயே இருக்குங்க. ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?"

"பாவம், அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நான் பாத்துக்கறேன்."

அத்தானின் முகத்தில் அப்போது வந்த களையைக் கல்யாண மேடையில்கூட நான் பார்த்ததில்லை. பல் டாக்டர் வேறு என்ன வைத்திருப்பார் என்று 'பல்' போட்டார், 'கடவாய்ப்பல்' போட்டார், 'பற்பசை' போட்டார். மூன்றாவது தப்புக்கு இயந்திரம் அப்படியே உறைந்து நின்றது. அணைத்து மறுபடி போட்டால் மறுபடி விமானம், மறுபடி 'ஈறு', 'சொத்தை', 'வாயைத் திற'. அதற்கும் திறக்கவில்லை. உடனே மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பொத்தான் பேட்டரியைப் பிடுங்கினார். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும் என்பது அவர் கணக்கு. மறந்ததுதான். தேதியை மறந்தது, நேரத்தை மறந்தது, பாஸ்வேர்டை மட்டும் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தது. பூட்டை அழிக்க, உள்ளே ஊசிக் கம்பிகளின் தலையில் மாட்டியிருக்கும் 'ஜம்பர்' என்ற குட்டி பிளாஸ்டிக் தொப்பியை இடம் மாற்றி மாட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தார். எந்தத் தொப்பி? கையேட்டில் பார்க்கலாமே என்று நான் இழுத்தேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்; இந்த இனத்துக்குப் படிப்பதும் ஒரு வகையில் கேட்பதுதான். கண்ணில் பட்ட தொப்பியை மாற்றினார். விமானம் மூச்சே விடவில்லை. திரும்ப மாட்டியதும் இரைய ஆரம்பித்தது. இதையே பெரிய முன்னேற்றம் என்றார்.

மறைப்பானேன், நானும் டார்ச் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகக் குப்புறப் படுத்திருந்தேன். இருவரும் பாட்டுக்கூடப் பாடினோம்.

பக்கத்து மேஜையில் 'டக் டக்' இப்போது 'டகடகடக' ஆகியிருந்தது. அக்கா எங்களைப் பார்த்தாள், ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பல் டாக்டரே எடுத்தாராம். மருத்துவமனையைப் பெரிய இடத்துக்கு மாற்றியபோது பழையதையெல்லாம் விற்றதாகவும், பூட்டை எடுக்க மறந்துவிட்டதாகவும் சொல்லிச் சிரித்தாராம். அக்கா திரும்பி வந்து, எங்களைத் தாண்டி நின்று, கீபோர்டில் ஏதோ ஒரு வார்த்தையைத் தட்டினாள். சர்வர் திறந்துகொண்டது.

"எப்படி?" என்றார் அத்தான்.

"கேட்டேன்."

அந்த வார்த்தை என்ன என்று அவள் சொல்ல வாயெடுத்ததும், மனிதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

படங்கள் எல்லாம் சர்வருக்கு ஏறின. கல்யாணம் பிழைத்தது. கடமை முடிந்த திருப்தியில் ஹார்ட் டிஸ்க் மறுநாள் காலையில் நிம்மதியாகக் கண்ணை மூடியது. அத்தானும் தன்னுடைய பழைய சினிமாக்களையெல்லாம் சர்வரில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். ஆனால் அணைத்துப் போடும்போதெல்லாம் அது பாஸ்வேர்ட் கேட்கும். அக்கா வந்துதான் திறக்க வேண்டும். அவள் தட்டி முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்தபடி நிற்பார். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. குளியலறைக் குழாயின் ஒழுகல் நின்றதும், பரணிலிருந்த அட்டைப் பெட்டிகள் காணாமல் போனதும் ஒவ்வொரு சினிமாவுக்கு முன்னால்தான்.

இந்த மாதிரி ஆட்களை நினைத்தாலே சிரிப்பு வருகிறது, இல்லையா? நீங்கள் அந்த ஜாதியே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா தட்டிய அந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அது யாராம்? எனக்கு அது தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவேன்.

கேட்க மாட்டீர்களே.