ஜெபல் அலியில் நான் கொன்ற கவிஞர்

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு கொலைதான் செய்திருக்கிறேன். அதையும் இரவல் டை கட்டிக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து செய்தேன்.

விசிட் விசாவில் துபாய் வந்திருந்தேன். விசா முடிய நான்கே நாள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமனார் முகத்தில் விழிக்க வேண்டும். (மனிதர் மாலை போட்டு வழியனுப்பியிருந்தார்.)

அன்று எங்கள் ரூமில் எட்டுப் பேருக்கும் பயோடேட்டா ஒன்றுதான். கீழக்கரை ஜாபர் பாய் தனக்காக எழுதியது, ஃபிளாப்பியில் இருக்கும். பெயர், பாஸ்போர்ட் எண், அனுபவம் மூன்றையும் மாற்றி டைப்பிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொள்வோம். படிப்பை மாற்ற மட்டும் எனக்கு மனம் வரவில்லை. எம்.ஏ. ஆங்கிலம். ஆய்வு, ஓர் அமெரிக்கக் கவிஞர் எழுதிய கவிதைகளும் நாடகங்களும். (அந்தப் பெயர் இன்றும் என் வாயில் நுழையாது. நான் பிளஸ் டூ, அதுவும் இரண்டாவது முயற்சியில்.)

"கேட்டா என்ன பாய் சொல்றது?"

"ஸ்டோர்கீப்பர் வேலைக்கு எவன்டா கவிதை கேக்கப் போறான்? போய்ட்டு வா," என்றார் ஜாபர் பாய்.

ஜெபல் அலி கிடங்கில் மேனேஜர் ஓர் அமெரிக்கர். பயோடேட்டாவில் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"இதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எங்க நாட்டுலயே இந்தப் பேர் பலருக்குத் தெரியாது. இந்தக் கவிஞரோட வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க," என்றார் ஆங்கிலத்தில்.

கவிஞர் என்றால் வறுமைதானே என்று எடுத்துவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். தைரியம் வந்து காசநோயைச் சேர்த்தேன். கடைசி நாடகம் அரங்கேறிய அன்றே மேடைக்குப் பின்னால் உயிர் பிரிந்தது என்று முடித்து, இரவல் டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து போன்ல நல்லாத்தான் பேசினாங்க. மூட்டுவலின்னாங்க, அவ்வளவுதான். அவங்க என் அத்தை."

ஏசியிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமனாரும் மாலையும் கண்முன் வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எம்.ஏ. என் ரூம்மேட் சார். ராஜபாளையம் மில்லுல அஞ்சு வருஷம் ஸ்டோர் பாத்தது மட்டும் நிஜம்."

அவர் என்னைக் கிடங்குக்குள் கூட்டிப்போய், ஓர் அடுக்கைக் காட்டி, சரக்குப் பட்டியலை நீட்டினார். பத்து நிமிடத்தில் எந்தப் பெட்டி குறைகிறது, எது இடம் மாறி இருக்கிறது என்று சொன்னேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

"விசாவுக்கு இன்னைக்கே பேப்பர் போடச் சொல்றேன். டியூட்டிக்கு வாங்க, யாரையும் சாகடிக்காம."

வெளியே வந்ததும் டையோடு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு நிம்மதி அதற்குப் பிறகு என் மகள் பிறந்த அன்றுதான் வந்தது.

சில மாதம் கழித்து அந்த அம்மாள் தன் புத்தகம் ஒன்றை அனுப்பிவைத்தார். முதல் பக்கத்தில், "என்னைக் கொன்றவருக்கு, மூட்டுவலியுடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஜாபர் பாய் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவர்தான்.

இன்றும் வீட்டில் தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி நான் ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"இப்ப யாருக்குக் காசநோய்?"