நர்மதாவின் தோளுக்கு மருந்து

அந்த ஜெல்லின் குட்டை உடைத்தே தீருவது என்ற முடிவோடுதான் ரகுபதி அன்று மனைவியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

நர்மதா காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூரில் விற்பவள். இருபது வருடம் கூடையை ஏற்றி இறக்கியதில் வலது தோள் போய்விட்டது. தலை சீவக்கூடக் கை எழவில்லை. புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தாள். புரதத் துணுக்குகளால் செய்த ஜெல். தோளில் வைத்து ஒட்டினால் அதிலிருக்கும் மருந்து மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே இறங்கும்.

"இது ஒட்டிக்கினு கீற வரைக்கும் வெயிட் தூக்கக் கூடாது," என்றாள் ரகுபதியிடம். மூன்று நாளுக்கு ஒருதரம் புதுசு ஒட்டினாள். தூக்கும் நாள் வரவே இல்லை.

கூடை ரகுபதி தலைக்கு வந்தது. அவர் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஒன்பது மணிக்கு முன்னால் பாயை விட்டு எழுந்தறியாதவர். இப்போது விடியலில், ஐஸ் தண்ணீர் கழுத்தில் வடிய, ஏலத்தில் நின்றார். தோஸ்துகள் நெத்திலி விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள். ஒரே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. இதை இவள் எப்படி இருபது வருடம் தூக்கினாள் என்று ஒருநாள் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. சோதனையில் பாதிப் பேருக்கு மருந்தே சேர்க்காத வெறும் ஜெல்தான். யாருக்கு எது என்று கடைசி நாளில் சொல்வார்கள். ரகுபதி அதைத்தான் நம்பியிருந்தார்.

அந்தக் கடைசி நாளில் டாக்டர் ஐரீன் கையைத் தூக்கச் சொன்னார். நர்மதா தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு டாக்டர், அவளுக்கு வந்தது எது என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் பிரித்தார்.

"உங்களுக்கு வந்தது வெறும் ஜெல்தாம்மா."

ரகுபதிக்கு முகம் மலர்ந்தது. "அப்போ நோவுன்னதே பொய்யி. டாக்டரம்மா, இனிமே இவ வெயிட் தூக்கலாம்ல?"

"தூக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லலையே. நனையக் கூடாதுன்னுதான் சொன்னோம்."

ரகுபதி மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

"ஜெல்லுல மருந்து இல்ல. கூடையும் எங்கிட்ட இல்ல. நோவு எதுல போச்சி, நீயே சொல்லுய்யா."

"கேட்டிருந்தா நானே தூக்கியிருப்பேன்மே."

"ரெண்டு வருசமா கேட்டேன்."

டாக்டர் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். மருந்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், இன்னும் ஆறு மாதத்துக்கு, ரகுபதியின் பெயர் இருந்தது.