நல்லா எந்திரிச்சீங்களா?

பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது. மணி என்றால் கயிற்றில் தொங்கும் பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம். அதன் சத்தம் கசிண்டே என்ற அந்த ஊர் முழுக்கக் கேட்கும். ஹெல்விக்கும் கேட்டது. ஆனால் அவள் இன்னும் நாலாவது வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா எந்திரிச்சீங்களா, மேடம்?" என்றார் சகாலா பெரியவர்.

"நல்லா எந்திரிச்சேன் ஐயா. நீங்க நல்லா எந்திரிச்சீங்களா?"

"நானும் நல்லா எந்திரிச்சேன். ராத்திரி மழைக்கு உங்க வீடு ஒழுகலையே?"

"ஒழுகல. உங்க வீடு?"

"ஒரு மூலையிலதான். ஆனா பாருங்க, அந்த மூலையிலதான் ஆடு படுத்திருந்துச்சு."

ஆட்டைப் பற்றிக் கேட்காமல் எப்படிப் போவது? கேட்டாள். ஆட்டின் தும்மல் முதல் அதன் தாயாரின் குணம் வரை அவர் சொல்லி முடித்தபோது முதல் பாடவேளையில் பாதி போயிருந்தது. மிச்சம் பத்து வீடு இருந்தது.

ஹெல்வி பின்லாந்தில் இருபத்தேழு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அங்கே அவள் குடியிருந்த அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பதினோரு வருஷத்தில் மூன்று தடவை பேசியிருக்கிறார். அதில் ஒன்று கட்டடத்தில் தீப்பிடித்த அன்று. ஐம்பத்து நாலு வயதில் தொண்டராக மலாவிக்கு வந்து இறங்கியதும், தலைநகர் லிலோங்வேயில் மொழி சொல்லிக் கொடுத்தவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "விசாரிக்காம ஒருத்தரைத் தாண்டிப் போனீங்கன்னா, அவரை வெறும் மரம்னு நினைச்சதா அர்த்தம்." அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

அன்று தலைமையாசிரியர் சிமோம்போ அவளை அறைக்குக் கூப்பிட்டார். தாமதத்தைக் கண்டிக்கத்தான்.

"நல்லா எந்திரிச்சீங்களா, மேடம்?"

"நல்லா எந்திரிச்சேன் சார். நீங்க?"

அவரும் நன்றாகத்தான் எழுந்திருந்தார். அவர் மனைவி, மனைவியின் தங்கை, தங்கையின் பல்வலி எல்லாவற்றையும் ஹெல்வி விசாரித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். இரண்டாவது பாடவேளையும் போயிற்று.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நாலாம் படிவ வகுப்புப் பிள்ளைங்களுக்கு அரசாங்கப் பரீட்சை வருது. முன்னால வந்த தொண்டர் ஒன்பது வாரத்துல கிளம்பிட்டாரு. நீங்க வர்ற வரைக்கும் ஒரு வருஷம் கணக்குக்கு ஆளே இல்ல. நீங்களும் இப்படின்னா, வேற வழி பார்க்கச் சொல்லி நான் லிலோங்வேக்கு எழுதணும்."

ஹெல்விக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் ஆறு மைல், எட்டு மைல் நடந்து வந்து, அவளுக்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளோ முக்கால் மைலில் இருந்துகொண்டு வந்து சேர முடியவில்லை.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். கொட்டுகிற மழை. ஊர் இன்னும் விழித்திருக்காது என்ற நம்பிக்கையோடு குடையை விரித்தாள்.

முதல் வீட்டு வாசலில் ஆள் இருந்தது. இரண்டாவது வீட்டிலும் இருந்தது. சகாலா பெரியவர் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையிலேயே நின்றார்.

"என்ன மேடம், இன்னிக்குச் சீக்கிரமாவே! நல்லவேளை, நானும் சீக்கிரம் எந்திரிச்சேன். நல்லா எந்திரிச்சீங்களா?"

நனைந்த மனிதரைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியுமா? அன்று வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் அதிகத் தாமதம்.

அடுத்த நாள் ஊர்ப் பாதையையே விட்டுவிட்டாள். சோளக்கொல்லைகளுக்குப் பின்னால், முழங்கால் சேற்றில், திருடனைப் போலக் குனிந்து குனிந்து போனாள். போகும்போது, சகாலாவின் கொல்லையில் சோளத்துக்குச் சமமாகக் களை வளர்ந்திருப்பதைப் பார்த்தாள். பாவம், வயதாகிவிட்டது, முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சேற்றுக்காலோடு என்றாலும் மணி அடிக்குமுன் வகுப்பில் இருந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மந்தாசிப் பலகாரம் சுட்டு விற்கும் நபண்டா. பொரித்த மந்தாசி உருண்டைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. பக்கத்தில் பூசணிக்கீரைக் கட்டு, நிலக்கடலை, கால் கட்டிய ஒரு கோழி.

"யாரு உங்க மனசை நோகடிச்சது, மேடம்? பேரைச் சொல்லுங்க. நாங்க பார்த்துக்கிறோம்" என்றாள் நபண்டா.

"யாரும் இல்லம்மா!"

"அப்புறம் ஏன் கொல்லைப்புறமாப் போனீங்க? என் மந்தாசியில எண்ணெய் ஜாஸ்தியா?"

அவர்களைச் சமாதானப்படுத்தி, பதினாலு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டு வர இருட்டிவிட்டது. மறுநாள் பார்த்தால், சோளக்கொல்லைப் பக்கமும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "நல்லா எந்திரிச்சீங்களா, மேடம்?"

அதற்குப் பிறகுதான் சைக்கிள் யோசனை வந்தது. பூகோள ஆசிரியரிடம் இரவல் வாங்கினாள். ஓட்டிக்கொண்டே விசாரித்துவிட்டால் மரியாதைக்கு மரியாதை, நேரத்துக்கு நேரம்.

முதல் வீட்டில் "நல்லா எந்திரிச்சீங்களா?" என்று வீசிவிட்டுப் போனாள். "எந்திரிச்சோம், நீங்க?" என்ற பதில் அவளைத் துரத்திக்கொண்டு வந்து மூன்றாவது வீட்டருகே பிடித்தது. அதற்குள் அவள் மூன்றாவது வீட்டைக் கேட்டிருந்தாள். இரண்டாவது வீட்டின் பதில் வந்தபாடில்லை. யாருக்கு எது பாக்கி என்று மனக்கணக்குப் போட்டபடி, முகம் கொடுத்துப் பதில் சொல்லத் திரும்பினாள். சைக்கிள் நேராகப் போய் நபண்டாவின் அடுப்புக்குப் பக்கத்துச் சேற்றுக் குழியில் இறங்கியது.

நபண்டா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். ஹெல்வி மல்லாந்து கிடந்தபடியே, பழக்கதோஷத்தில், "நல்லா எந்திரிச்சீங்களா, அம்மா?" என்றாள்.

"நான் எந்திரிச்சுட்டேன் மேடம். நீங்கதான் இன்னும் எந்திரிக்கல!"

முழங்கால் வீங்கிவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸ் மூன்று நாள் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், ஊரே வந்து விசாரித்தது. வந்தவர்கள் சாப்பாட்டோடு வந்தார்கள். சோளக்களியைக் கிண்டி ஆறவிட்டு, அவள் கை கழுவத் தண்ணீர் ஊற்றி, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி துணி துவைத்தாள். ஒருத்தர் கூரையில் ஓட்டையே இல்லாத இடத்தைக்கூட ஒருமுறை அடைத்தார். இவ்வளவு நல்ல மனிதர்கள் மத்தியில் விசாரிப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி நான் எப்படி வாயைத் திறப்பேன் என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் நாலாம் படிவம் மொத்தமும் நோயாளியைப் பார்க்க வந்தது. தியாமிகே என்ற மாணவி மெதுவாகக் கேட்டாள்: "மேடம், அந்தக் கணக்கு பாதியில நிக்குது. உக்காந்துக்கிட்டே சொல்ல முடியுமா?"

ஹெல்வி அடுப்புக்கரியை எடுத்து வெளிச்சுவரிலேயே எழுத ஆரம்பித்தாள். விசாரிக்க வந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் தடவையாக யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுவர் நிறைந்தது. கடைசியில் விடை வந்தபோது, அது எதன் விடை என்று தெரியாமலேயே நபண்டா எழுந்து நின்று குலவையிட்டாள்.

அந்தக் குலவை ஹெல்விக்குத் தைரியம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், நொண்டிக்கொண்டே ஊர்த் தலைவி ஜிலிவேயின் முற்றத்துக்குப் போனாள். ஊர் கூடியிருந்தது. அகராதியை வைத்து இரண்டு நாள் தயார் செய்த பேச்சு. எல்லாரையும் விசாரித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்க ஊர்ல நான் நல்லா எந்திரிச்சேனான்னு யாரும் கேட்டதில்ல. எந்திரிக்காமலே போயிருந்தாக்கூட ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கும். இங்க உங்க ஆட்டோட பேருகூட எனக்குத் தெரியும். இதை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல. ஆனா பிள்ளைங்க அங்க காத்துக்கிட்டிருக்காங்க. காலையில ஒரு வார்த்தை, சாயங்காலம் வந்து உக்காந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். இப்படிக் கேக்கறது அவமரியாதைன்னா, என்னை மன்னிச்சுடுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சகாலா பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலைவி ஜிலிவே கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று, நாளைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஹெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்வரிசையிலிருந்து நபண்டா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா! முன்னால வந்தவரு பேச்சுத் துணையில்லாமத்தான் ஓடிப்போனாருன்னு லிலோங்வேயில சொன்னாங்க மேடம், உங்களையும் விட்டுடக்கூடாதேன்னு மூணு மாசமா ஊரே முறை போட்டு வாசல்ல நிக்குது. நாளையிலேர்ந்தாவது நாங்க நேரத்துக்குக் களையெடுக்கப் போகலாமா?"