வெட்டுக் குழு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது தற்செயல். சக்கரம்கூட ஏதோ உருண்டோடியதைப் பார்த்து வந்த யோசனையாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு ஷெட்டுக்கு ஏற்ற, விலை குறைந்த, தரமான, இரும்பு வெட்டும் ஒரு பிளாஸ்மா கட்டரைத் தேர்ந்தெடுப்பது அப்படித் தற்செயலாக நடந்துவிடாது. அதற்கு ஒரு மனிதர் நகராட்சியின் கொள்முதல் பிரிவில் ஆயுள் முழுக்க ஊறி, முறைப்படி ஓய்வும் பெற்றிருக்க வேண்டும். விரபூல் ஊர் செய்த பாக்கியம், லயல் டங்க்ஸ் அங்கே குடியிருந்தார்.

விஷயம் சின்னதாகத்தான் தொடங்கியது. அவருடைய மனைவி டுல்சிக்கு இடுப்பு மூட்டை மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றியபின் ஆறு வாரம் படி ஏறக் கூடாது. டங்க்ஸ் வீடோ, ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து தூக்கிக் கட்டிய பலகை வீடு. எந்தப் பக்கம் போனாலும் படிதான்.

"பின்வாசல்ல ஒரு சாய்தளம் போட்டுடலாம், கண்ணு," என்றார் லயல். "இரும்புல. நானே செய்யறேன்."

டுல்சிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் கையால் செய்த பொருள் என்று அந்த வீட்டில் அதுவரை எதுவும் இருந்ததில்லை. வேலி போடும் தொழிலில் இருந்த பக்கத்து வீட்டுக் கிளெமிடம் அன்றே சொல்லிப் பெருமைப்பட்டாள். கிளெம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார்.

"யோவ் லயல்! எங்கிட்ட பலகை சும்மா கெடக்கு. சனிக்கிழமை வந்து அடிச்சுத் தர்றேன். சாயங்காலம் பீர் குடிக்கலாம்."

"அது தீர்வு இல்ல கிளெம். அது அவசரம்."

"சரி, இரும்புதான் வேணும்னா தகடு அறுக்கற என் கிரைண்டரை எடுத்துக்கோ. வெட்டித் தள்ளு."

"கிரைண்டரா?" லயல் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தக் காலத்துல? பிளாஸ்மான்னு ஒண்ணு வந்திருக்குய்யா. மின்சாரமும் காத்தும் சேர்ந்து இரும்பை வெண்ணெயாட்டம் வெட்டும். இப்ப மலிவாவே கெடைக்குது. எதை வாங்கறதுங்கறதுதான் கேள்வி."

கேள்வி என்று ஒன்று பிறந்துவிட்டால், அதற்கொரு குழு பிறக்க வேண்டியது நியாயம். ஓய்வுபெற்ற ஆண்கள் கூடித் தேநீர் அருந்தும் ஊர்ப் பொது ஷெட்டில், அதன் தலைவரும் முன்னாள் வங்கி மேலாளருமான நெவில் தலைமையில் துணைக்குழு அமைந்தது. அதற்கு 'வெட்டுக் குழு' என்று பெயர். ஊரில் சிலர் 'வெட்டிக் குழு' என்று சொன்னார்கள், உச்சரிப்புப் பிழை.

"முதல் கேள்வி," என்றார் நெவில். "மலிவுன்னா என்ன?"

அந்தக் கேள்வியின் ஆழத்தைக் கருதி, கூட்டம் தேநீருக்காக ஒத்திவைக்கப்பட்டது.

மறு கூட்டத்தில் தடிமன் பற்றிய விவாதம்.

"எவ்வளவு கனத்தை வெட்டப் போறே?"

"சாய்தளத்துக்கு மூணு மில்லிமீட்டர் தகடு போதும்."

"இன்னிக்குப் போதும். நாளைக்கு ஒரு பாலத்தை வெட்ட வேண்டி வந்தா?"

"விரபூல்ல ஒரே ஒரு பாலம்தானே இருக்கு, நெவில்."

"அதனாலதான் சொல்றேன். தப்பா வெட்டிட்டா வேற பாலம் கெடையாது."

லயல் இதைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பினார். இனி, கட்டர் வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைப் படிக்க வேண்டும். இரவும் பகலும் படித்தார். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'அருமையான கருவி, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம் கொடுத்து, 'பெட்டி நசுங்கியிருந்தது' என்றிருந்தார். இரண்டும் நடுநிலையான கருத்துகள் என்பதால் இரண்டையும் லயல் மதித்தார்.

இதற்கிடையில் டுல்சி, ஆஸ்பத்திரியில் கொடுத்த நடை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து பழகினாள். டக், டக் என்று அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் லயல் படிப்பதை நிறுத்திவிடுவார். இவள் மயக்க மருந்திலிருந்து எழுந்திருக்காமல் போய்விட்டால்? அந்த எண்ணம் வந்த உடனே இன்னொரு கருவியின் கருத்துகளைத் திறந்துகொள்வார். படிக்கப் படிக்கப் பயம் அடங்கும். பிளாஸ்மா கட்டரின் இந்த மருத்துவ குணம் எந்த விளம்பரத்திலும் இல்லாதது.

"லயல், அடுத்த வாரம் ஆபரேஷன்," என்றாள் டுல்சி, ஆட்டிறைச்சியை அவர் தட்டில் வைத்தபடி.

"தெரியும் கண்ணு. ரெண்டுல ஒண்ணுன்னு வந்து நிக்குது."

அந்த ஒன்று வந்தும் சேர்ந்தது. பெட்டியைப் பிரித்தபோதுதான், காற்று தனியாக வர வேண்டும் என்பது தெரிந்தது. கம்ப்ரசர் வந்தது. அதன் காற்றில் ஈரம் இருக்கிறதென்று, அதை உலர்த்த ஒரு சாதனம் வந்தது. பிளக் வீட்டுச் சுவரில் நுழைய மறுத்ததால் எலக்ட்ரீஷியன் வந்தார். மலிவான கருவி தனியாக வாழ்வதில்லை, குடும்பத்தோடுதான் குடியேறும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டுல்சியை வீட்டுக்கு அனுப்புகிற நாளும், கருவியின் திறப்பு விழா நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

"நீயே போய்க் கூட்டிட்டு வந்துடு கிளெம்," என்றார் லயல். "இங்க ஆளுங்க எல்லாம் வர்றாங்க பாரு."

கிளெமின் வண்டி கொல்லைப்புறம் வந்து நின்றபோது, அடுப்பில் சாசேஜும் வெங்காயமும் வதங்கிக்கொண்டிருந்தன. வெட்டுக் குழு அணிவகுத்து நின்று கைதட்டியது. பின்வாசலுக்கு மேலே, வெயிலில் பளபளவென்று ஓர் இரும்புத் தகடு தொங்கியது. அதில் 'வருக டுல்சி' என்று வெட்டப்பட்டிருந்தது.

"ஓரத்தைத் தடவிப் பாக்கணும் நீங்க!" என்றார் நெவில். "பிசிறே இல்ல!"

"இது எந்தத் தகடு?" என்று கேட்டார் கிளெம்.

"சாய்தளத்துக்கு வாங்கினதுதான்," என்றார் லயல். "சோதனை வெட்டு போட்டுப் பாக்கணுமில்ல?"

டுல்சி நடை சட்டத்தில் சாய்ந்து, அண்ணாந்து பார்த்தாள்.

"படிக்க முடியுது, லயல். படி ஏறத்தான் முடியல."

கைதட்டல் நின்றது. லயல் அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் செருப்புக்குள் இரண்டும் வீங்கியிருந்தன.

"தூக்கிட்டுப் போயிடறேன் கண்ணு," என்று பின்வாசல் படியிலிருந்து பதறி இறங்கி வந்தார்.

"வேணாம். அதுக்கு உனக்கு முன் அனுபவம் கெடையாது." அவள் கிளெமின் பக்கம் திரும்பினாள். "வண்டியத் திருப்புங்க. எந்தங்கச்சி மெர்ல் வீடு தரையோட தரையா இருக்கு."

போகும்போது ரொட்டியில் சுற்றிய ஒரு சாசேஜை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

இதனால் குழு சோர்ந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்திலேயே மகத்தான ஓர் உண்மையை நெவில் எடுத்துரைத்தார்: வெட்டியதை ஒட்ட வேண்டும். அதற்கு வெல்டிங் மெஷின் வேண்டும். விலை குறைந்ததாக, தரமானதாக. அதற்கும் லயலே பொறுப்பேற்றார். அது முடிவாகாமலே ஆறு வாரமும் கடந்துவிட்டதால், சாய்தளம் என்ற பொருளே தேவையற்றதாகி, ஒரு பெரும் செலவு மிச்சமானது. நகராட்சிப் பணியில்கூட அவர் கண்டிராத வெற்றி அது. அதை மனைவியிடம் சொல்ல உற்சாகமாகப் போன் செய்தார்.

"கண்ணு, டாக்டர் சொன்ன கெடு முடிஞ்சுது! இனி நீ படி ஏறலாமே? நாளைக்கே வந்து கூட்டிட்டு வரட்டா?"

"ஏறலாம் லயல், தாராளமா ஏறலாம்," என்றாள் டுல்சி. பின்னணியில் மெர்ல் சிரிப்பது கேட்டது. "எந்த வீட்டுப் படின்னுதான் முடிவாகல. நானும் மெர்லும் ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."